காசநோயாளி சந்தேகநபர் அல்லர்

ஒவ்வோர் ஆண்டும் மார்ச் மாதம் 24ஆம் திகதி உலக காசநோய் தினம் வருகின்றது. 1882ஆம் ஆண்டு அதே திகதியில்தான் ரொபேர்ட் கொக் என்ற ஜேர்மனிய மருத்துவர் இந்நோயின் கிருமியைத் தான் கண்டுபிடித்துவிட்டதாக பேர்லினில் அறிவித்தார். பத்திரிகைத் துறையில் கழித்த காலம் முழுவதும் அந்த நாளுக்குரிய பக்கத்தை நானும் தயாரித்திருக்கின்றேன். சுகாதார அமைச்சரின் செய்தி, மார்பு எக்ஸ்ரே ஒன்றின் படம், "இரண்டு வாரங்களுக்கு மேல் இருமல் நீடித்தால் வைத்தியரை நாடுங்கள்" என்ற வரி. அமைச்சரின் பெயரையும் படத்தையும் மாற்றிவிட்டால் கடந்த ஆண்டின் பக்கமே இவ்வாண்டுக்கும் போதும். அந்தப் பக்கத்தைத் தயாரித்தவர்களுள் ஒருவன் என்ற முறையில், அதில் ஒருபோதும் எழுதாத சிலவற்றை இங்கு எழுத விரும்புகின்றேன். சற்றுக் காரமாக இருந்தால் பொறுத்தருள்க.

முதலில் சில எண்கள். இலங்கையில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 14,000 பேர் காசநோய்க்கு ஆளாவதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகின்றது. கண்டுபிடிக்கப்பட்டுப் பதிவாகின்றவர்கள் 8,000 முதல் 9,500 பேர் வரையில்தான். எஞ்சியவர்கள் எங்கே? பஸ்ஸில் நமக்கு அருகில் இருக்கின்றார்கள். செட்டியார் தெருவிலும் புறக்கோட்டையிலும் மூட்டை சுமக்கின்றார்கள். ஆடைத் தொழிற்சாலைகளிலும் சாப்பாட்டுக் கடைகளின் பின்புறத்திலும் இருமிக்கொண்டிருக்கின்றார்கள். நோயாளர் தொகையில் எப்போதும் முதலிடம் வகிப்பது கொழும்பு மாவட்டமே. சிகிச்சை பெறாத, சளியில் கிருமியுள்ள ஒருவர் ஓராண்டில் பத்துப் பதினைந்து பேருக்குத் தொற்றைக் கொடுக்கக்கூடும் என்பது மருத்துவ உலகில் நெடுங்காலமாகச் சொல்லப்பட்டுவரும் கணக்கு.

இத்தனைக்கும் இந்த நாட்டில் காசநோய்க்கான பரிசோதனையும் மருந்தும் இலவசம். ஆறு மாத காலம் ஒழுங்காக மாத்திரை எடுத்தால் பெரும்பாலானோர் பூரணமாகக் குணமடைகின்றார்கள். அப்படியாயின் மருந்து இருக்கின்றது, வைத்தியர் இருக்கின்றார், நோயாளி மாத்திரம் ஏன் வருவதில்லை?

அறியாமை என்பார்கள். மக்களுக்கு விழிப்புணர்வு போதாது என்பார்கள். இந்தப் பதிலை நான் பல மேடைகளில் கேட்டிருக்கின்றேன். இது சோம்பேறித்தனமான பதில். கொழும்பின் ஏழை, குறிப்பாகத் தமிழ் பேசும் ஏழை, அறியாமையினால் ஒளிவதில்லை. நன்றாக அறிந்துகொண்டுதான் ஒளிகின்றான். தன்னைத் தேடி வருகின்றவர்கள் எதற்காக வருகின்றார்கள் என்பதை இந்த நகரம் அவனுக்குப் பலமுறை கற்றுக்கொடுத்திருக்கின்றது.

காசநோய்க் கட்டுப்பாட்டின் மொழியையே எடுத்துக்கொள்ளுங்கள். சளிப் பரிசோதனைக்கு வருகின்றவரை ஆங்கிலத்தில் நெடுங்காலமாக 'சஸ்பெக்ட்' என்றுதான் குறித்து வந்தார்கள். தமிழில் அதற்கு ஒரேயொரு சொல்தான் நம்மிடம் உண்டு: சந்தேகநபர். பொலிஸ் செய்திகளில் நாள்தோறும் நான் திருத்திய அதே சொல். மருந்தை இடையில் விட்டவர் 'டிஃபோல்டர்', அதாவது கடனைக் கட்டாமல் விட்டவனுக்குரிய சொல். நோயாளியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் இந்தச் சொற்களை உலக சுகாதார நிறுவனம் 2013ஆம் ஆண்டில் தனது வரைவிலக்கணங்களைத் திருத்தியபோது கைவிட்டது. நல்ல காரியம்தான். ஆனால் படிவத்தில் சொல் மாறினால் தெருவிலும் மாறிவிடுமா?

இங்கு எனது சொந்தக் கதையைச் சொல்ல வேண்டியிருக்கின்றது.

எண்பதுகளின் தொடக்கத்தில் கொட்டாஞ்சேனையில் ஒரு வீட்டின் மேல்மாடி அறையில் நாங்கள் மூவர் தங்கியிருந்தோம். ஒருவர் எங்கள் பத்திரிகையின் ஒப்புநோக்குநர்; வடமராட்சிக்காரர்; என்னிலும் பத்து வயது மூத்தவர். எழுத்துப்பிழை அவருடைய கண்ணுக்குத் தப்பியதை நான் கண்டதில்லை. மற்றவர் ஒரு கம்பனியில் எழுதுவினைஞர். அறையில் ஒரேயொரு ஜன்னல். அதுவும் பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்தபடி. அண்ணை மாதக்கணக்காக இருமினார். அச்சுக்கூடத் தூசி என்றார். கடையில் பாணி மருந்து வாங்கிக் குடித்தார். உடல் மெலிந்தது. 1983ஆம் ஆண்டு மாசி மாதம் ஒருநாள் இரவு விளக்கை அணைத்த பின்னர் அவர் எனக்கு மாத்திரம் கேட்கும்படியாகச் சொன்னார்: "தம்பி, எனக்குச் சயரோகமாம். ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை. ஒஃபிசிலை ஆஸ்மா எண்டு சொல்லியிருக்கிறன். வீட்டுக்காரன் அறிஞ்சானெண்டால் மூண்டு பேரையும் வெளியிலை விட்டிடுவான்."

நான் சொல்லவில்லை. மூன்றாமவருக்கும் சொல்லவில்லை. அண்ணை ஒழுங்காக மருந்தெடுத்தார். அந்நாட்களில் அவருக்கு ஊசியும் மாத்திரைகளுமாக ஒரு வருடத்துக்கு மேல் சிகிச்சை என்றார்கள். நான்கு மாதத்தில் இருமல் நின்றது. முகத்தில் சதை பிடித்தது. அவர் சிகிச்சை பெற்ற இடத்தில் அவரிடம் யாருடன் தங்கியிருக்கின்றீர் என்று கேட்டிருக்கின்றார்கள். தனியாக என்று சொல்லியிருக்கின்றார். எங்களைத் தேடி எவரும் வரவில்லை.

பின்னர் ஆடி மாதம் வந்தது. அந்த ஆடியைப் பற்றி இந்தப் பக்கத்தின் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 25ஆம் திகதி நாங்கள் உடுத்த உடையுடன் ஓடினோம். அறை எரிந்தது. அதற்குள் இருந்த அண்ணையின் மாத்திரைகளும் சிகிச்சை அட்டையும் எரிந்தன. அகதி முகாமாக மாறிய ஒரு பாடசாலை மண்டபத்தில் நூற்றுக்கணக்கானவர்கள் நெருக்கியடித்துப் படுத்திருந்தோம். அங்கிருந்து அண்ணை 'லங்கா கல்யாணி' கப்பலில் காங்கேசன்துறைக்குப் போனார். காங்கேசன்துறையில் சயரோக ஆஸ்பத்திரி இருந்தது. அதன் வாசலுக்கு அருகாகத்தான் அவர் வீடு போய்ச் சேர்ந்திருப்பார். உள்ளே போகவில்லை. இருமல் நின்றுவிட்டதே! கையில் அட்டையும் இல்லை. கொழும்பிலோ அவர் மருந்தை விட்டவர் என்று ஏதோவொரு பதிவேட்டில் குறிக்கப்பட்டிருப்பார். அவர் விட்டது மருந்தையா, அல்லது நாடு விட்டது அவரையா என்று கேட்பதற்கு அந்தப் பதிவேட்டில் இடம் இருந்திருக்காது.

1985ஆம் ஆண்டு மார்கழியில் அவர் இறந்தார். இரத்தமாகத் துப்பினார் என்று பின்னர் அறிந்தேன். மரண அறிவித்தலை எழுதும்படி குடும்பத்தினர் என்னிடம்தான் கேட்டார்கள். "சிறிது காலம் சுகவீனமுற்றிருந்த" என்று எழுதினேன்.

பத்திரிகை மேசையில் ஆயிரக்கணக்கான மரண அறிவித்தல்களைப் பார்த்திருக்கின்றேன். மாரடைப்பு வந்திருக்கின்றது, விபத்து வந்திருக்கின்றது, குண்டுவீச்சும் ஷெல்லும் வந்திருக்கின்றன. சயரோகம் என்ற சொல்லை ஒரு தடவைதானும் கண்டதில்லை. அரசாங்கத்தின் புள்ளிவிபரத்தில் காணாமற்போனவர்களைப் பற்றி நான் குற்றஞ்சாட்டுகின்றேன் அல்லவா? அவர்களைக் காணாமற்போகச் செய்ததில் எனது பேனாவுக்கும் பங்குண்டு. பெண் பிள்ளைக்குச் சம்பந்தம் பேசும்போது 'நெஞ்சுச் சளி' என்றும், வேலைத்தலத்தில் 'ஆஸ்மா' என்றும், புலம்பெயர்ந்த நாட்டில் 'விசா பிரச்சினை' என்றும் நமது சமூகம் இந்த நோய்க்குப் புனைபெயர் வைத்திருக்கின்றது.

கொழும்பில் தேடுதல் என்ற சொல் தமிழனுக்கு என்ன பொருள் தருகின்றது என்பதற்கு இனி வருகின்றேன். போர்க்காலம் முழுவதும் கொழும்புத் தமிழ்க் குடும்பங்கள் வீட்டில் தங்குவோரின் விபரங்களைப் பொலிஸில் பதிய வேண்டியிருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து மருத்துவத்துக்கு வந்த மாமியின் பெயரும் அதில் இருக்க வேண்டும். 2007ஆம் ஆண்டு ஜூன் 7ஆம் திகதி விடியற்காலை, லொட்ஜுகளில் தங்கியிருந்த 376 தமிழர்கள் எழுப்பப்பட்டு பஸ்களில் ஏற்றிக் கொழும்பிலிருந்து அனுப்பப்பட்டார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் தலையிட்டுத் தடுத்தது. அந்த லொட்ஜுகளில் தங்கியிருந்தவர்களுள் வைத்தியசாலைக்கு வந்தவர்களும் இருந்தார்கள். அவர்களை ஒவ்வொருவராகக் கண்டுபிடிக்க அரசுக்கு எத்தனை நேரம் எடுத்தது? ஓர் இரவு. ஆகவே இந்த நகரில் மனிதர்களைத் தேடிக் கண்டுபிடிக்க இயலாது என்று எவரும் என்னிடம் சொல்ல வேண்டாம். இயலும். எதற்காகத் தேடுவது என்பதுதான் பிரச்சினை.

இது தமிழருக்கு மாத்திரம் உரிய துயரமும் அல்ல. 2023 டிசம்பரில் 'யுக்திய' என்ற பெயரில் போதைப்பொருளுக்கு எதிரான பொலிஸ் நடவடிக்கை ஆரம்பமானது. ஒரு மாதம் முடிவதற்குள் 29,000 இற்கும் மேற்பட்டோர் கைதானதாக ஐக்கிய நாடுகள் மனித உரிமை நிபுணர்கள் 2024 ஜனவரியில் சுட்டிக்காட்டினார்கள். சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் என்ற வேறுபாடின்றி நகரத்தின் ஏழைத் தோட்டங்களில் கதவுகள் தட்டப்பட்டன. போதைக்கு அடிமையானவர்கள் காசநோய்க்கு எளிதில் இரையாகின்றவர்கள். ஏற்கெனவே நிரம்பி வழியும் சிறைக்கூடம் இந்நோய் பரவுவதற்கு மிகவும் வாய்ப்பான இடம். கைதாகும்போது மருந்து நிற்கும். பிணையில் வெளிவரும்போது முகவரி மாறியிருக்கும். இதே தோட்டத்துக்கு அடுத்த வாரம் பொதுச் சுகாதார பரிசோதகர் ஒருவர் கையில் ஒரு பெயர்ப்பட்டியலுடன் வந்து, இந்த ஆள் எங்கே என்று கேட்கின்றார் என வைத்துக்கொள்ளுங்கள். அக்கம்பக்கத்தார் என்ன சொல்வார்கள்? அப்படி ஒருவர் இங்கே இல்லை என்பார்கள். நானும் அதைத்தான் சொல்வேன்.

அந்தப் பரிசோதகரின் மேல் எனக்குக் கோபமில்லை. நோயாளியின் வீட்டுக்குப் போய் அங்குள்ளவர்களைப் பரிசோதனைக்கு அழைப்பதும், மருந்தை விட்டவரைத் தேடுவதும் அவருடைய கடமைகளுள் சில. அதே மனிதர்தான் டெங்கு நுளம்பையும் பார்க்க வேண்டும், உணவுக் கடையையும் பார்க்க வேண்டும், நீதிமன்றத்துக்கும் போக வேண்டும். நுளம்பு வளர விட்ட வீட்டுக்காரருக்கு வழக்குப் போடுகின்றவரும் அவரே! காலையில் வழக்குப் போட்டவரிடம் மாலையில் எனக்குச் சயரோகம் என்று எவர் சொல்வார்? போதாததற்குக் கொழும்பு மாநகர சபைக்கென்று தனியான பொதுச் சுகாதாரத் திணைக்களம் உண்டு. மார்பு நோய்ச் சிகிச்சை நிலையமோ வேறு நிர்வாகத்தின் கீழ் வருகின்றது. நோயாளி இரண்டு கந்தோர்களுக்கு இடையில் நிற்கின்றார். மொழியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கொழும்பு மாநகர எல்லைக்குள் வாழ்வோரில் பாதிக்கு மேற்பட்டோர் தமிழ் பேசுகின்றவர்கள். எனக்குத் தெரிந்த முதியவர் ஒருவர், தமக்குத் தரப்பட்ட மாத்திரைகளை எப்படி எடுப்பது என்ற அறிவுறுத்தலைத் தெருமுனைக் கடைக்காரரிடம் கொடுத்து வாசிப்பித்தார். அறிவுறுத்தல் சிங்களத்தில் இருந்தது. அன்று மாலைக்குள் தெரு முழுவதும் அவருடைய நோயை அறிந்துகொண்டது.

அடுத்தது, சேரியை இடித்தால் நோய் போய்விடும் என்ற வாதம். இதை நகரத்தை அழகுபடுத்துகின்றவர்கள் சொல்கின்றார்கள். நமது நடுத்தர வர்க்கத்தினரும் தலையாட்டுகின்றார்கள். 2010ஆம் ஆண்டில் நகர அபிவிருத்தி அதிகாரசபை பாதுகாப்பு அமைச்சின் கீழ் கொண்டுவரப்பட்டது. 2015 ஆட்சி மாற்றம் வரை அங்கேயே இருந்தது. வீடமைப்பும் நகரத் திட்டமிடலும் பாதுகாப்பு அமைச்சுக்கு எதற்கு என்று அன்று கேட்டவர்கள் ஒரு சிலரே. 2010 மே மாதம் கொம்பனித்தெரு மியூஸ் வீதியில் படையினரைக் கொண்டு வீடுகள் இடிக்கப்பட்டன. கொழும்பின் சுமார் 68,000 குடும்பங்களை மாடிக் குடியிருப்புகளுக்கு மாற்றுவதே திட்டம். வனாத்தமுல்லையிலும் தெமட்டகொடையிலும் மட்டக்குளியிலும் எழுந்து நிற்கும் அந்தக் கட்டடங்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

நல்ல வீடும் நல்ல உணவும் நல்ல கூலியும் காசநோயைக் குறைக்கும் என்பதை நான் மறுக்கவில்லை. மருந்து கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்னரே இங்கிலாந்தில் இந்நோயின் மரணங்கள் பெருமளவு குறைந்துவிட்டன என்பது வரலாறு. ஆனால் மாடி வீடு என்பதற்காகவே அது நல்ல வீடாகிவிடாது. மும்பாய் நகரில் சேரிகளிலிருந்து அகற்றப்பட்டவர்களைக் குடியமர்த்திய லல்லுபாய் கொம்பவுண்ட், நட்வர் பரேக் கொம்பவுண்ட் என்ற இரண்டு குடியிருப்புகளை 'டொக்டர்ஸ் ஃபோர் யூ' என்ற மருத்துவர் அமைப்பு ஆராய்ந்தது. 2018இல் அதன் முடிவுகள் வெளிவந்தன. ஒன்றுக்கொன்று சில மீற்றர் இடைவெளியில் கட்டப்பட்ட அந்த மாடிகளின் கீழ்த்தளங்களுக்கு வெயிலும் இல்லை, காற்றும் இல்லை. திறந்தவெளியுடன் கட்டப்பட்ட மற்றொரு குடியிருப்பைவிட அங்கே காசநோய் பன்மடங்கு அதிகமாக இருந்தது. சூரிய ஒளியும் காற்றோட்டமும் இந்தக் கிருமியின் எதிரிகள் என்பது பழைய சானற்றோரியம் காலத்து அறிவு. அதை மறந்துவிட்டுக் கட்டியதன் விலை அது.

கட்டடத்தைவிட முக்கியமான இன்னொன்றும் உண்டு. ஒரு தோட்டத்தை இடித்து மக்களைப் பல இடங்களுக்குப் பிரித்து அனுப்பும்போது, யார் மருந்தில் இருக்கின்றார், யாருடைய பிள்ளைக்குப் பரிசோதனை செய்ய வேண்டியிருக்கின்றது என்பதை அறிந்த அயலவர் வலையும் சேர்ந்து இடிக்கப்படுகின்றது. இடம்பெயர்ப்பதற்கு முன்னர் எண்ணப்படுவது வீடுகள். அந்த வீடுகளுக்குள் ஆறு மாத மாத்திரையின் நடுவில் இருப்பவர் எவர் என்று எண்ணி, அவரைப் புதிய இடத்துக்கு அண்மையிலுள்ள சிகிச்சை நிலையத்திடம் ஒப்படைத்த பின்னரே இடிப்பது என்ற நிபந்தனையை விதித்தால் எந்த அபிவிருத்தி கெட்டுப்போகும்?

ஏழை தனது வீட்டிலேயே குணமடைய முடியும் என்பதை உலகுக்கு நிரூபித்த நகரம் வேறெங்கும் இல்லை, சென்னைதான். 1956ஆம் ஆண்டில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியன சேர்ந்து சேத்துப்பட்டில் ஒரு நிலையத்தை அமைத்தன. வொலஸ் ஃபொக்ஸ் என்ற ஆங்கில மருத்துவர் பொறுப்பாக இருந்தார். நகரத்தின் வறிய, நெரிசலான பகுதிகளைச் சேர்ந்த 193 நோயாளிகளில் ஒரு பகுதியினரைச் சானற்றோரியத்தில் அனுமதித்தார்கள். மறு பகுதியினருக்கு வீட்டிலேயே சிகிச்சையளித்தார்கள். இருசாராருக்கும் மருந்துகள் ஒன்றே. சானற்றோரியத்தில் ஓய்வும் நல்ல சாப்பாடும் இருந்தன. வீட்டில் இருந்தவர்களுக்கு அரைவயிறும் வேலையும்தான். முடிவு என்ன? இரு பகுதியினரும் ஏறத்தாழ ஒரே அளவில் குணமடைந்தார்கள். வீட்டில் சிகிச்சை பெற்றவரின் குடும்பத்தினருக்கு அதிகமாக நோய் தொற்றியதாகவும் இல்லை. 1959இல் வெளியான அந்த ஆய்வு உலகெங்கும் சானற்றோரியங்களின் கதவை மூடத் தொடங்கியது.

இந்தப் பெருமையை நாம் அடிக்கடி சொல்கின்றோம். அதன் மற்றப் பாதியை மறந்துவிடுகின்றோம். வீட்டில் இருந்தவர்கள் தாமாகவே குணமடைந்துவிடவில்லை. சேத்துப்பட்டு ஊழியர்கள் முன்னறிவித்தல் இன்றி வீடுகளுக்குப் போனார்கள், மாத்திரைகளை எண்ணினார்கள், சிறுநீரைப் பரிசோதித்து மருந்து உள்ளே போயிருக்கின்றதா என்று பார்த்தார்கள். கண்காணிப்புத்தான், ஐயமில்லை. ஆனால் அவர்களுடைய கையில் மாத்திரை இருந்தது, கைவிலங்கு இருக்கவில்லை.

தேடுவதை நிறுத்தினால் என்ன நடக்கும் என்பதற்கு நியூயோர்க் சாட்சி. எழுபதுகளில் நோய் குறைந்துவிட்டது என்று அங்கே காசநோய்க்கான பணத்தையும் ஊழியர்களையும் வெட்டினார்கள். பின்னர் வீடற்றோர் பெருகினர், எயிட்ஸ் வந்தது. 1988இல் ஹார்லெம் பகுதி வைத்தியசாலை ஒன்றில் சிகிச்சை தொடங்கி வீட்டுக்கு அனுப்பப்பட்ட காசநோயாளரில் 89 சதவீதமானோர் பின்னர் மருந்துக்கு வரவில்லை என்று ஆய்வொன்று கண்டது. 1992இல் நகரின் நோயாளர் தொகை 3,811 ஆக உயர்ந்தது. உலகின் செல்வந்த நகரத்திலே! அதன் பின்னரே விழித்துக்கொண்டு பணத்தைக் கொட்டினார்கள். ஊழியர்கள் பாலங்களின் அடியிலும் பூங்காக்களிலும் நோயாளரைத் தேடிப் போய் மாத்திரை கொடுத்தார்கள். ரயில் பயணத்துக்கும் சாப்பாட்டுக்கும் உதவினார்கள். இரண்டே ஆண்டுகளில் தொகை ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. எத்தனை முயன்றும் மருந்தெடுக்க மறுத்த சிலரை அடைத்து வைத்ததும் உண்டு. அதை நான் மறைக்கவில்லை. ஆனால் எண்ணிக்கையைக் குறைத்தது அந்தப் பூட்டு அன்று. தேடிப் போன கால்கள்.

நமது நகரத்தில் ஒரு நாட்கூலிக்கு அந்த ஆறு மாதம் எப்படி இருக்கும்? தொடக்கத்திலாவது நாள்தோறும் சிகிச்சை நிலையத்துக்குப் போய் வேறொருவர் பார்த்திருக்க மாத்திரை விழுங்க வேண்டும். நிலையம் திறக்கும் நேரமும் துறைமுகத்தில் ஆள் எடுக்கும் நேரமும் ஒன்று. மாத்திரையா, அன்றைய சோறா? காசநோயாளருக்கென்று சமூக சேவைத் திணைக்களத்தின் ஊடாக ஓர் உதவிப்பணம் இருக்கத்தான் செய்கின்றது. அதைப் பெறக் கிராம சேவையாளரின் உறுதிப்படுத்தல் வேண்டும். மலையகத்திலிருந்து வந்து வாடகை அறையில் முடங்கியிருக்கும் இளைஞனுக்குக் கொழும்பில் எந்தக் கிராம சேவையாளர்? அவனுடைய பெயர் வாக்காளர் இடாப்பில் இருப்பது ஹட்டனில். நோயை ஊரறியச் செய்துதான் உதவி பெற வேண்டுமென்றால், உதவியே வேண்டாம் என்று விடுகின்றவனை எப்படிக் குறை சொல்வது?

ஆகவே எனது கோரிக்கைகள் பெரியவை அல்ல. காசநோயாளரின் பட்டியலைப் பொலிஸாரோ நகர அபிவிருத்தி அதிகாரசபையோ தொட முடியாது என்று சட்டத்தில் எழுதுங்கள். எழுதியதைத் தோட்டங்களில் தமிழிலும் சிங்களத்திலும் சொல்லுங்கள். வழக்குப் போடுகின்றவரையே நோயாளியைத் தேடவும் அனுப்பாதீர்கள். அந்தந்தத் தோட்டத்தில் வாழ்கின்ற, முன்னர் இந்நோயிலிருந்து மீண்ட ஒருவருக்குச் சம்பளம் கொடுத்து அந்த வேலையை ஒப்படையுங்கள். எந்தக் கதவை எந்த நேரத்தில் தட்டலாம் என்பது அவருக்குத் தெரியும். இழந்த கூலியை மாத்திரையுடன் சேர்த்து அதே இடத்தில் கொடுங்கள். 2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அமெரிக்கா தனது வெளிநாட்டு உதவிகளை வெட்டியபோது பல நாடுகளின் காசநோய்த் திட்டங்கள் தள்ளாடின. அந்நிய உதவியை நம்பிக்கொண்டு இவற்றைத் தள்ளிப்போட இனி இயலாது.

கிருமி நாடுகடந்தும் பயணம் செய்கின்றது. புலம்பெயர்ந்த வாசகர்கள் பலர் விசாவுக்காக எடுத்த எக்ஸ்ரேயில்தான் இந்நோயைப் பற்றி முதன்முதலில் கேள்விப்பட்டிருப்பீர்கள். உடலில் உறங்கும் கிருமி பத்து, இருபது ஆண்டுகளின் பின்னரும் விழித்தெழக்கூடும். எனக்கும் தொண்ணூறுகளில் ஒரு வெளிநாட்டுப் பயணத்துக்காக எக்ஸ்ரே எடுத்தபோது, வைத்தியர் வலது நுரையீரலின் மேற்பகுதியில் ஒரு பழைய தழும்பைக் காட்டினார். எங்கிருந்து வந்திருக்கும் என்று கேட்டார். தெரியாது என்றேன். அன்றும் சொல்லவில்லை.

கொட்டாஞ்சேனை அறையின் மூன்றாமவர் இப்போது ரொறன்ரோவில் வாழ்கின்றார். இந்தக் கட்டுரையை எழுதத் தொடங்கியபோது அவரை அழைத்து, நாற்பது வருடங்களுக்குப் பின்னர், அண்ணைக்கு என்ன நோய் இருந்தது என்று சொன்னேன். சற்றுநேரம் பேச்சில்லை. பின்னர், "எனக்குத் தெரியும். அவற்றை மாத்திரையைக் கண்டனான். நீ பயந்து அறையை விட்டுப் போயிடுவாய் எண்டு சொல்லேல்லை" என்றார்.

தனக்கும் அங்கு போய்ப் பல வருடங்களின் பின்னர் இந்நோய் வந்ததையும் அப்போதுதான் கூறினார். சுகாதாரத் திணைக்களத்திலிருந்து ஒரு தாதி நாள்தோறும் வீட்டுக்கு வந்து, அவர் மாத்திரை விழுங்குவதைப் பார்த்துவிட்டுப் போவாராம். முதல் நாட்களில் வீட்டில் ஆள் இல்லாததுபோல விளக்கை அணைத்துவிட்டு இருந்திருக்கின்றார். தாதி வாசலில் ஒரு துண்டு எழுதி வைத்துவிட்டு மறுநாளும் வந்திருக்கின்றார்.

"வாறது பொலிஸ் இல்லை எண்டு விளங்க எனக்கு இரண்டு கிழமை எடுத்தது" என்றார்.